சட்டைப் பையில் நான்கு கம்பிகள்

பாலைவனத்துச் சிற்றூரான டி-ஆர்-சியை விட்டுச் சுற்றுலாப் பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் ஒனேசிமோ ஆர்மிஹோ மூன்றாவது கிண்டலுக்கு வந்துவிட்டான்.

“இத்தனை வருஷத்துல இந்தத் தளத்துலேருந்து கிளம்பின ராக்கெட்டைவிட எங்க தெற்கு மேய்ச்சக் காட்டுல கிளம்பின சூறைக்காத்து ஜாஸ்தி. அதைப் பாக்க நான் யாருக்கும் டிக்கெட் போடல.”

பின் இருக்கைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை நியேவெஸ் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த கைபேசியைத் திருப்பிக் குப்புற வைத்தாள். அதில் முந்தாநாள் வந்த கடிதம் இருந்தது. ராக்கெட் தளத்து ஓடுபாதைக் குழுவில் அவளுக்கு வேலை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கடைசி வரியில் அந்த ‘ஐந்து மணி’யைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. அவனுடைய நாற்பத்தாறாவது பிறந்தநாளுக்குப் பரிசு என்று சொல்லித்தான் இந்த ஒருநாள் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்பது முதல் திட்டம். பேருந்து ஏறியதிலிருந்து அவன் வாய் மூடவில்லை. சரி, அங்கே போய் அந்த இடத்தைப் பார்த்தபிறகு சொல்லலாம் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டாள். இரண்டு நாளாக இப்படித்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறாள்.

நாற்பத்து மூன்று மாடுகள், இரண்டு காற்றாலைக் கிணறுகள், இருபது மைல் வேலி. அதற்கு ஆள் என்று பார்த்தால் அவனும் அவளும்தான். அப்பா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து பதினேழு வருடங்களாக வேலியின் ஒரு முனையை அவன் இழுத்துப் பிடிப்பான், மறு முனையில் அவள் ஆணி அடிப்பாள். அந்த இரண்டில் ஒன்றைக் கழித்துவிட்டு அந்தப் பண்ணையை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“இடது பக்கம் பாருங்க,” என்றாள் வழிகாட்டி ட்ரினி, ஒலிவாங்கியில். ட்ரினி பள்ளியில் நியேவெஸுக்கு இரண்டு வகுப்பு இளையவள். ஒனேசிமோவை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். “நாம இப்போ தளத்தோட எல்லைக்குள்ள வந்துட்டோம்.”

“எல்லையாம்,” என்றான் ஒனேசிமோ. “அந்த யூக்கா செடி நிக்குது பாரு, அங்க எங்க அப்பாவோட கிடேரி ஒண்ணு கன்னு போட்டுச்சு. அப்ப எல்லை எங்க இருந்துச்சு?”

“அண்ணே, மைக்கை உங்ககிட்டயே குடுத்துடட்டுமா? நான் பின்னாடி போய்த் தூங்குறேன்.”

“குடு. நல்லாச் சொல்லுவேன்.”

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஜன்னல் வழியாகக் கிரியோசோட் புதர்களின் வாசனை வந்தது, ஈரமும் தாரும் கலந்த மாதிரி. தரை சிவந்து கிடந்தது. எங்கும் தட்டை. அந்தத் தட்டையின் நடுவில், ஒரு பெரிய மிருகம் மண்ணுக்குள் பாதி புதைந்து படுத்திருப்பது போலத் தளத்தின் கூடம் தெரிந்தது. நியேவெஸ் அதைத் தூரத்திலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறாள், குதிரை மேலிருந்தும் வண்டியிலிருந்தும். வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை. நேர்முகத்தேர்வு தொலைபேசியில் நடந்தது. எழுத்துத்தேர்வுக்காக அவர்கள் அனுப்பிய தடித்த புத்தகத்தை வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்து படித்தாள். ஒனேசிமோ எட்டிப் பார்த்தபோதெல்லாம் அதன்மேல் ஒரு நாவலின் அட்டை இருந்தது. “அந்தக் கதையில வர்ற பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?” என்று கேட்டுவிட்டுப் போவான்.

கூடத்துக்குள் எல்லோருக்கும் வாய் பிளந்தது. ஒனேசிமோவுக்கும்தான். ஆனால் அவன் அதைக் கொட்டாவியாக மாற்றிவிட்டான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு விமானம் நின்றது. இரண்டு உடல்கள், நடுவில் ஒரே இறக்கை. மதியம் இரண்டு மணிக்கு அதற்குச் சோதனைப் பறப்பு என்று ட்ரினி சொன்னாள். ராக்கெட்டைச் சுமந்துகொண்டு மேலே போய், உயரத்தில் விட்டுவிட்டுத் திரும்புவது அதன் வேலை.

“கழுகு கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போற மாதிரி,” என்றான் ஒனேசிமோ.

“இல்லண்ணே. தாய்க்கோழி முதுகுல ஏத்திக்கிட்டுப் போற மாதிரி.”

“கோழி பறந்து நீ எங்க பாத்த?”

நியேவெஸுக்கு அந்த நேரம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவன் முகம் இளகியிருந்தது. வாயைத் திறந்தாள். “அண்ணே,” என்றாள். அவன் திரும்பினான். “பசிக்குதா?” என்று கேட்டாள். தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்து அவர்களை ஓடுபாதையின் விளிம்புக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு மைலுக்கு மேல் நீளும் கான்கிரீட், முனையில் வெயிலில் நெளிந்து ஆகாயத்தோடு சேர்ந்துவிட்டது. கான்கிரீட்டில் காலை வைக்கும் முன்னால் ஒரு முரட்டுத் தூரிகைப் பாய் இருந்தது. செருப்பின் அடியில் ஒட்டியிருப்பது எல்லாம் அதிலேயே உதிர வேண்டும். ஒனேசிமோவின் பூட்ஸிலிருந்து ஒரு கைப்பிடி நெருஞ்சி முள் கொட்டியது.

“அண்ணே, உங்க பண்ணையையே கொண்டு வந்துட்டீங்க போல,” என்றாள் ட்ரினி. பிறகு எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னாள்: “இங்க ஒரே ஒரு விதி. தரையில என்ன கிடந்தாலும் தொடாதீங்க. ஒரு சின்னக் கல்லு போதும், இன்ஜின் உறிஞ்சிக்கிட்டா போச்சு. எதையாவது பாத்தீங்கன்னா அங்கேயே நின்னு கையைத் தூக்குங்க. குழு வந்து, எங்க கிடந்துச்சு, எப்படிக் கிடந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டுத்தான் எடுப்பாங்க.”

புகைப்படம் எடுக்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். நியேவெஸ் அண்ணனைப் படம் எடுப்பதற்காகக் கைபேசியை உயர்த்தினாள். திரைக்குள் அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாலு அடி நடந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். வலது கை சட்டைப் பைக்குள் போய் வெளியே வந்தது. எல்லாம் ஒரு நொடிதான். கண் இமைப்பது போல.

“அண்ணே!” என்று ட்ரினி கத்தினாள். “என்ன எடுத்தீங்க?”

“நான் எங்க எடுத்தேன்?” என்றான் அவன், உண்மையாகவே. பிறகு கை தானாகப் பையைத் தொட்டது. முகம் மாறியது. “ஐயோ.”

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யாரும் தரையில் கிடக்கிற கம்பியைத் தாண்டிப் போகமாட்டார்கள். மாடு மேயும்போது புல்லோடு கம்பியையும் விழுங்கிவிடும். அது இரைப்பையைக் குத்தி இதயம்வரை போகும். அதற்காகவே கன்றுக்கு ஒரு வயது ஆனதும் விரல் நீளக் காந்தம் ஒன்றை விழுங்கவைப்பார்கள். அது சாகும்வரை வயிற்றிலேயே கிடந்து, உள்ளே வருகிற இரும்பை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியும் ஒனேசிமோ இரண்டு பசுக்களைக் கம்பிக்குப் பறிகொடுத்தவன். அவன் கை கம்பியைக் கண்டால் அவனைக் கேட்காது.

“சரி, எடுத்துட்டீங்க. வெளிய காட்டுங்க,” என்றாள் ட்ரினி, குரலைத் தாழ்த்தி.

அவன் பையைத் தலைகீழாக உதறினான். உள்ளங்கையில் நான்கு துண்டுகள் விழுந்தன.

“நாலா?”

“காலைலேருந்து சேத்தது. ஒண்ணு எங்க கொட்டகை வாசல்ல. ஒண்ணு பெட்ரோல் பங்க்ல. ஒண்ணு உன் பஸ் நின்ன இடத்துல.”

“இங்க எடுத்தது எது?”

ஒனேசிமோ நான்கையும் பார்த்தான். துருப்பிடித்த முள்கம்பி ஒன்று, வைக்கோல் கட்டுகிற கம்பி ஒன்று, சாம்பல் நிறத்தில் மொட்டையாக ஒன்று, இரண்டு இழையாக முறுக்கிய மெல்லிய பளபளப்பான கம்பி ஒன்று. முள்கம்பியை மட்டும் நிச்சயமாகப் பெட்ரோல் பங்க் என்றான். மற்றதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “கைதான் எடுத்துச்சு, நான் பாக்கல. இந்தப் பளபளா... காலைல கொட்டகைல மாட்டுக் காதுல மாட்டுற வில்லைப் பெட்டியைப் பிரிச்சேன், அதுல கட்டியிருந்ததா இருக்கும்.”

ட்ரினி சுற்றும் முற்றும் பார்த்தாள். மற்ற பயணிகள் தூரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளிம்பில் ஒரு சிவப்புக் குப்பைத்தொட்டி இருந்தது. “விடுங்கண்ணே. நாலையும் அந்தத் தொட்டில போட்டுடுங்க. நான் ஒண்ணும் பாக்கல, நீங்க ஒண்ணும் எடுக்கல. சொன்னா இன்னிக்கு டூர் இத்தோட முடிஞ்சுது. எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க.”

ஒனேசிமோ நிம்மதியோடு தொட்டியை நோக்கி நடந்தான்.

நியேவெஸ் அந்த முறுக்குக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வுப் புத்தகத்தின் ஆறாவது அத்தியாயம். பக்க எண்கூட ஞாபகம் இருந்தது. திருகாணிகள் அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க ஒன்றோடு ஒன்றைப் பிணைக்கிற கம்பி அது. படத்தில் இருந்த மாதிரியே நெருக்கமான முறுக்கு. ஒரு முனை குறடால் வெட்டியது போல நேராக இருந்தது. மறு முனை இழுத்து அறுந்தது போலப் பிய்ந்து மெலிந்திருந்தது. இரண்டு முனையும் வெட்டு என்றால் யாரோ வேலை செய்துவிட்டுச் சிந்திய மிச்சம். ஒரு முனை அறுந்திருந்தால் எங்கேயோ ஒரு திருகாணி காவல் இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறது.

சொன்னால், எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான். சொல்லாவிட்டால் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது. பேருந்தில் ஏறி, பர்ரிட்டோ சாப்பிட்டு, நல்ல நேரம் பார்த்து, மெதுவாக. அவன் கை தொட்டிக்கு மேலே நீண்டது.

“போடாத.”

அவன் நின்றான்.

“அந்த முறுக்குக் கம்பி காது வில்லையோடது இல்லண்ணே. அது பிணைக்கம்பி. ஒரு வண்டிலயோ விமானத்துலயோ திருகாணியைப் பிடிச்சுக்கிட்டிருந்தது. அறுந்திருக்கு பாரு. மிச்சப் பாதி எங்கயோ இருக்கு. ட்ரினி, ஓடுபாதைத் தலைவியைக் கூப்பிடு.”

“உனக்கு எப்படி...” என்றாள் ட்ரினி.

“ரெண்டு மணிக்கு அந்த விமானம் கிளம்புது. கூப்பிடு.”

ஒனேசிமோ தொட்டிக்கு மேலிருந்த கையை இழுத்துக்கொண்டான். தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து நிமிடத்தில் மஞ்சள் விளக்கு சுழல ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வெந்த கழுத்து. சட்டையில் டார்லா வின்செல் என்று பெயர் இருந்தது. கம்பியை வாங்கி இரண்டு முனையையும் கட்டைவிரலால் தடவினாள்.

“யார் கண்டுபிடிச்சது?”

“எடுத்தது நான்,” என்றான் ஒனேசிமோ. “தப்புதான். மாட்டுக்காரன் கை.”

“எடுத்தவரைக் கேக்கல. இது என்னன்னு சொன்னது யாரு?”

ட்ரினி நியேவெஸைப் பார்த்தாள்.

“நான்தாங்க.”

“எங்க வேலை பண்றீங்க?”

“இதுவரைக்கும் எங்கயும் இல்ல. என் பேரு நியேவெஸ் ஆர்மிஹோ.”

டார்லாவின் புருவம் உயர்ந்தது. “நான் ரெண்டு நாளா ஒரு நியேவெஸ் ஆர்மிஹோவோட பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். வேலையை எடுத்துக்குறாங்களா இல்லையான்னு.”

“அது நான்தான்.”

ஒனேசிமோ தொப்பியைக் கழற்றினான். உள்பக்கம் எதையோ தேடுவது போலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

டார்லாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. வாக்கி-டாக்கியில் பேசினாள். பறப்பை நிறுத்திவைக்கச் சொன்னாள், காலையிலிருந்து இந்தப் பக்கம் வந்த எல்லா வண்டியையும் பார்க்கச் சொன்னாள். இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ட்ரினி மற்றப் பயணிகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். டார்லா ஒனேசிமோவிடம் வந்தாள்.

“எந்த இடத்துல குனிஞ்சீங்கன்னு காட்ட முடியுமா?”

“அது முடியும். கம்பியைத்தான் மறந்தேன். இடத்தை மறக்கமாட்டேன்.” நேராக நடந்துபோய் ஒரு கான்கிரீட் இணைப்பில் நின்றான். “இங்க. முனை அந்த மலையைப் பாத்துக்கிட்டிருந்துச்சு.”

நியேவெஸ் தன் கைபேசிப் படத்தை வைத்துச் சரிபார்த்தாள். ஓர் அடிகூட விலகவில்லை.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் வரிசையில நில்லுங்க. கண்ணு ரெண்டு கூடுதலா இருந்தா நல்லது.”

எட்டுப் பேரும் ஒரு கை தூரம் விட்டு வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார்கள். யாரும் தலையை நிமிர்த்தக் கூடாது. அண்ணனின் பூட்ஸ் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் போல அவன் நிழல்.

நூறு அடி போயிருப்பார்கள்.

“ஏன் சொல்லல?” என்றது பூட்ஸ்.

“நீ சிரிப்பன்னு.”

“அவ்வளவுதானா?”

இன்னும் பத்து அடி நடந்தாள். “சிரிக்காம, சரி போன்னு சொல்லிட்டு, மறுநாள் நீ ஒருத்தனே வேலியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. அதை நினைச்சா சொல்ல வரல.”

“நீ ஆணி அடிக்கிற லட்சணம் மாட்டுக்கே தெரியும். நீ போனா வேலி நேரா நிக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கான்கிரீட் மங்கலானது. கண்ணைச் சிமிட்டிச் சரிசெய்துகொண்டாள். பார்க்கிற வேலை.

“எத்தனை மணிக்கு?”

“காலைல அஞ்சுக்கு ஆரம்பம். மத்தியானம் ஒண்ணுக்கு முடியும்.”

“ரெண்டு மணிக்கு வீட்டுல இருப்ப.”

“ரெண்டரை ஆகும். ரோடு அப்படி.”

“பிப்ரவரில கிடேரியெல்லாம் கன்னு போடுமே, அப்ப?”

“மத்தியானம் போடுறதை நான் பாத்துக்குறேன். காலைல போடுறதை நீ பாரு.”

“கிடேரிகிட்ட நேரம் சொல்லி வை.”

காற்று தரையோடு வந்து கால்சட்டையை அடித்துவிட்டுப் போனது. பிறகு வேறு மாதிரி ஒரு குரலில் அவன் சொன்னான், கிண்டல் எதுவும் ஒட்டாமல்:

“மாடு, வேலி எல்லாம் நான் பாத்துப்பேன். நாற்பத்தாறுதான் ஆச்சு. காலைல காபி குடிக்கும்போது பேச ஆள் இருக்காது. அதுதான் யோசிக்கிறேன்.”

“காலைல நீ ஒரு வார்த்தை பேசமாட்ட.”

“நீ பேசுவ. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்.”

பதினேழு வருடத்தில் அவன் அதைச் சொன்னதில்லை. அவள் காலையில் என்ன பேசினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. கனவுகள், படித்த கதைகள், எந்தப் பசு எந்தப் பசுவோடு பகை. அவன் காதில் விழுகிறது என்றுகூட அவள் நினைத்ததில்லை.

“ஞாயிறு, திங்கள் லீவு,” என்றாள் நியேவெஸ். “வாரம் முழுக்கச் சேத்துவச்சுப் பேசுறேன்.”

“காது என்னத்துக்கு ஆகும்?” என்றான் அவன். குரலில் பழைய ஒனேசிமோ திரும்பியிருந்தான். அது அவளுக்குச் சம்மதமாகவும் பட்டது, இல்லாதது போலவும் பட்டது. அதைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தன் பதிலை அவனிடமிருந்து வாங்க வந்திருக்கிறோம் என்றுதான் இரண்டு நாளும் நினைத்திருந்தாள். தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்த இந்த நேரத்தில் அந்தப் பதில் தன்னிடமே இருப்பது தெரிந்தது. தொட்டிக்கு மேலே நீண்ட கையைப் பார்த்தபோதே அது முடிவாகிவிட்டிருந்தது.

வரிசை பாதி தூரம் போவதற்குள் டார்லாவின் வாக்கி-டாக்கி கரகரத்தது. விமானத்தை இழுத்து வரும் வண்டியின் முன் கொக்கியில் ஒரு திருகாணி பாதி கழன்றிருந்தது. பிணைக்கம்பியின் மறுபாதி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரத் தாமதம், மூன்று மணிக்குப் பறக்கலாம்.

வரிசையில் எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். முதுகு நெட்டி முறிகிற சத்தம் கேட்டது.

டார்லா நியேவெஸிடம் வந்தாள். “அஞ்சு மணிவரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு. அவசரப்படுத்தல.”

“அவ்வளவு நேரம் வேணாங்க. வரேன்.”

“சந்தோஷம். வண்டில ஃபாரம் இருக்கு, இப்பவே எழுதிடலாம். இல்லன்னா அலுவலகத்துல என் உயிரை எடுப்பாங்க.”

பிக்கப்பின் சூடான இன்ஜின் மூடிமேல் தாளை வைத்து நியேவெஸ் எழுதினாள். பெயர், பிறந்த தேதி, முகவரி. முகவரி என்று தனியாக எதுவும் கிடையாது. மைல் கல் எண்ணும் இரண்டாவது கதவும் என்று எழுதினாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்கிற இடத்தில் அண்ணன் பெயரையும் எண்ணையும் எழுதத் தொடங்கியபோது அவள் தோளுக்கு மேலாக ஒரு விரல் வந்தது.

“என் நம்பரைப் போட்டு ஒண்ணும் ஆகாது. தெற்குக் காட்டுல சிக்னல் கிடையாது. பிரிஹிதா நம்பரையும் போடு.”

“யாரு பிரிஹிதா?” என்றாள் டார்லா.

“பக்கத்துப் பண்ணை. அவ வந்து கதவுகிட்ட நின்னு ஹாரன் அடிச்சா எனக்குக் கேக்கும். மூணு தடவ அடிக்கணும்னு எழுதுங்க.”

“ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லீங்களே.”

“பின்னாடி வெள்ளையாத்தானே இருக்கு? அங்க எழுதச் சொல்லுங்க.”

நியேவெஸ் தாளைத் திருப்பினாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. ஒனேசிமோ இரண்டு மூலையையும் தன் பெரிய கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“மூணுன்னு போட்டியா?”

“போட்டேன்.”

“தெளிவாப் போடு. ரெண்டு தடவ அடிச்சா மாட்டுத் தீவனம் வந்துருக்குன்னு அர்த்தம். நான் மெதுவாத்தான் வருவேன்.”